படி இருந்த இடம்

எங்கள் தெருவில் யார் வீட்டுச் சுவர் கோணலாக இருந்தாலும் முதலில் கண்டுபிடிக்கிறவர் பக்கத்து வீட்டு மேஸ்திரிதான். யாரும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை. தைத்த சட்டையை வாங்கிப்போக என் கடைக்கு வந்தவர், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்து, "அக்கா, உங்க சன்னல் இடது பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல் என்பது. அது இறங்கினால் என்ன, ஏறினால் என்ன? ஆனால் அன்றிலிருந்து மிஷினில் உட்கார்ந்தாலே என் கண் அந்தச் சன்னலுக்குத்தான் போகிறது. நூல் மேஸ்திரி என்று தெரு அவருக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. வேலை முடியாமல் வீட்டை வீட்டுக்காரருக்கே காட்டமாட்டார். தரையைக் கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவார். நடுவில் எட்டிப் பார்க்க வந்த ஒரு பேங்க் மேனேஜரை, "பாதி வெந்த சோத்தைத் தட்டுல போடச் சொல்றீங்களா சார்?" என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர். அந்த மேனேஜர் கோபித்துக்கொண்டு போனார். வீடு முடிந்த அன்று வந்து பார்த்துவிட்டு, இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்கப்புறம் யார் சொன்னாலும் இவர் கேட்பாரா?

இப்படிப்பட்டவர் குடியிருந்த வீட்டைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். என்றோ மலிவாக வந்த பழைய வீடு. குளியலறைப் பக்கச் சுவரில் எப்போதும் ஈரம் கசிந்தபடி இருக்கும். கூடத்தில் சன்னலுக்குக் கீழே தரை பொள்ளல், மிதித்தால் டொக்கென்று கேட்கும். உள்ளறைக் கதவு நிலையில் ஒரு சிராய் பெயர்ந்து, போகிறவர் வருகிறவர் சட்டைக் கையையெல்லாம் இழுக்கும். சமையலறை கூடத்தைவிட ஒரு படி பள்ளம். "உங்க வீட்டை எப்ப மேஸ்திரி சரி பண்ணப் போறீங்க?" என்று கேட்டால், "ஆள் கிடைக்கலைக்கா, நல்ல மேஸ்திரியா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க" என்பார்.

அவர் மனைவி எனக்குக் கூடப் பிறக்காத தங்கை. என் கடைத் துணிகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுப்பவள். பிள்ளை குட்டி இல்லை. வாய் நிறையச் சிரிப்பு மட்டும் உண்டு. அவள் கண்ணில் கோளாறு என்பதை முதலில் கண்டவள் நான்தான். பட்டன்கள் காஜாவுக்கு நேராக வராமல் கீழே தள்ளித் தள்ளி வந்தன. "என்னடி, தூக்கத்துல தைக்கிறியா?" என்று திட்டினேன். அடுத்த வாரம் பக்கத்தில் நான் நீட்டிய டீ கிளாசை அவள் பார்க்கவே இல்லை. அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோன பிறகுதான் வாங்கினாள். 

டாக்டர் மூடி மறைக்காமல் சொன்னார். ஓரத்திலிருந்து இருட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் சேரும், மருந்து இல்லை. எப்போது என்று சொல்ல முடியாது, சில பேருக்கு வருஷக்கணக்கில் ஆகும். மேஸ்திரி அந்த வருஷக்கணக்கு என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தன் கண்ணைப் பற்றி டாக்டரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு மத்தியானம் துணி கொடுக்கப் போனேன். கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே அவள், என் கடை லைனிங் துணியில் கறுப்பாக ஒரு துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தாள். நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

"வாங்கக்கா" என்றாள், திரும்பாமலே. "செருப்புச் சத்தத்துலயே தெரியுது."

"என்னடி கூத்து இது?"

"கூத்தில்லக்கா. கண்ணு போறதுக்குள்ள வீட்டை மனப்பாடம் பண்ணிரணும். பாருங்க." நடந்து காட்டினாள். "வாசல்லேர்ந்து வர்றேன். காலடியில டொக்குன்னு கேட்டுச்சா? சன்னல் வந்தாச்சு. கையை இப்படி வச்சுட்டே வந்தா விரிசல் ஒண்ணு மாட்டும். அதுக்கு மேல சுவிட்சு. இந்தச் சிராய் கையை இழுத்துச்சுன்னா உள்ளறை. சுவரு சில்லுன்னு ஆச்சுன்னா பாத்ரூம். அப்புறம் காலு தானா கீழ இறங்கும். படி. இறங்கினா அடுப்பு வலது கைப்பக்கம். முடிஞ்சுதா?"

"எல்லாமே உங்க வீட்டு ஓட்டை உடைசலா இருக்கேடி."

"அதான்க்கா வசதி. நல்லா இருக்கிற இடமெல்லாம் கைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கு. உடைஞ்ச இடம்தான் இன்ன இடம்னு பேசுது." கண்கட்டை அவிழ்த்தாள். கண் கலங்கியிருந்தாலும் முகத்தில் பரீட்சை எழுதி வந்தவளைப் போல ஒரு சந்தோஷம். "அவருகிட்ட சொல்லிராதீங்க. நான் கண்ணைக் கட்டி நடக்கிறது தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிருவாரு. இருட்டிப்போனாலும் ஒருநாள் அவருக்கு டீ போட்டுக் கையில கொடுத்துட்டு, அப்புறம்தான் சொல்லணும், எனக்கு ஒண்ணும் தெரியலைங்கன்னு."

அந்த டீதான் வினையாயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டே கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிப் பழகியிருக்கிறாள். படியில் கால் பிசகி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. வேலையிலிருந்து ஓடிவந்தவரிடம் "படி கண்ணுக்குத் தெரியலைங்க" என்றுதான் சொன்னாள். பாதி நிஜம், பாதி பொய். அவர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த சிமெண்டைக்கூடக் கழுவவில்லை.

மறுநாளே அவர்கள் என் மாடி அறைக்குக் குடிவந்தார்கள். வீட்டைக் கொஞ்சம் சீர்ப்படுத்தப் போவதாக அவளிடம் சொல்லியிருந்தார். என்னிடம்தான் திட்டத்தையெல்லாம் சொன்னார், கடைத் தரையில் என் தையல் சாக்பீஸால் கோடு போட்டு.

"இந்தச் சுவர் போகுது, இதுவும் போகுது. கூடமும் சமையலும் ஒண்ணு. முட்டிக்கவே இடம் இருக்கக்கூடாதுக்கா. படி கிடையாது, வாசல்லேர்ந்து பின்கதவு வரை ஒரே தரை. கோலிக்குண்டை எங்க வச்சாலும் அங்கயே நிக்கணும். மூலை எல்லாம் கூர் இல்லாம உருட்டிருவேன். கை போனா வழுக்கிட்டே போகணும், எங்கயும் தடுக்கக் கூடாது."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பா. செலவுன்னு சொல்வா. முடிச்சுக் காட்டினா முகம் எப்படி ஆகுதுன்னு பாருங்க." சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டிருந்ததை நான் மீறவில்லை. நேராக மாடிக்குப் போய் அவளிடம் சொன்னேன்: இன்றைக்கே அவரிடம் பேசு, எல்லாவற்றையும் சொல்லு என்று. "சொல்றேன்க்கா, நாளைக்குக் காலையில" என்றாள்.

காலையில் அவளுக்கு முன்னால் சம்மட்டி எழுந்துவிட்டது. முதல் அடி விழுந்ததும் என் சுவரில் மாட்டியிருந்த கத்தரிக்கோல்கள் குலுங்கின. அவள் மாடியிலிருந்து தடவித் தடவி இறங்கி, தலைகூட வாராமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். வாசலில் நின்று, "என்னங்க, நிறுத்துங்க! ஒரு நிமிஷம்!" என்று கத்தினாள். புழுதிக்குள்ளிருந்து அவர் பதறிக்கொண்டு வந்தார்.

"இங்க எதுக்கு வந்தே? தூசி கண்ணுல பட்டா என்னாகும்? அக்கா, கூட்டிட்டுப் போங்க."

அவள் அவரைத் தாண்டி உள்ளே பார்த்தாள். விரிசலும் சுவிட்சும் இருந்த சுவர் தரையில் செங்கல்லாகக் கிடந்தது. சிராய் பெயர்ந்த நிலையைப் பெயர்த்து வெளியில் சாத்தியிருந்தார்கள். திரும்பி நடந்தாள். போகும்போது அந்த நிலையை ஒருமுறை தொட்டாள்.

"சொல்லுடி, இப்பவாவது சொல்லு" என்றேன்.

"என்னத்தச் சொல்லக்கா? விழுந்த சுவரு எழுந்து நிக்குமா? எனக்காகத்தான் இடிக்கிறாரு. சொன்னா அந்த மனுஷன் சம்மட்டியை எங்க கொண்டுபோய் வைப்பாரு?"  "பரவால்ல. புதுசை மனப்பாடம் பண்ணிக்கிறேன். சீக்கிரம் முடிச்சார்னா போதும். இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கு."

அதுதான் போட்டி. ஒரு பக்கம் அவர் கை, இன்னொரு பக்கம் அவள் கண். அவருக்கு அப்படி ஒரு போட்டி நடப்பதே தெரியாது.

வேலை என்றால் சாதாரண வேலையா? நான் எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. சுவர் மூலைகளை உருட்ட, குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஈரப்பூச்சின் மேல் மேலிருந்து கீழாக இழுப்பார். ஓர் இடத்தில் தொட்டால் கூர் தெரிகிறது என்று முழு மூலையையும் கொத்திவிட்டு மறுபடி பூசுவார். சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை எல்லார் வீட்டிலும் சுவரைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். இவர் பூச்சை அந்த அளவுக்குக் குறைத்து, பட்டையும் சுவரும் ஒரே மட்டமாக நிற்கிற மாதிரி செய்தார். சமையல் மேடைக் கல்லின் விளிம்பைத் தன் கையாலேயே தேய்த்து அரை வட்டமாக்கினார். என் கடைக்கு வந்து ஒரு பட்டுத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டால், அதைச் சுவரில் தேய்த்துப் பார்ப்பதற்காம். துணி எங்கும் சிக்கக் கூடாதாம்.

டைல்ஸ் ஒட்ட வந்தவருக்குக் கட்டர் என்று பெயர். கையில் அறுக்கும் மெஷினும் நிற்காது, வாயும் நிற்காது. அவர் என்னிடம் வந்து புலம்பினார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஒட்டின டைல்ஸை ஒவ்வொண்ணா காசால தட்டிப் பாக்குறாரு. எங்கயாவது டொக்குன்னா உடனே பேத்துருங்கிறாரு. நான் ஒட்டினதை நானே பேத்துப் பேத்து, வீட்டுல தட்டுல இருக்கிற ரொட்டியைக்கூடப் பேத்துதான் திங்கிறேன்."

நான் சிரித்தேன். மேலே மாடிப்படியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள். சத்தம் வந்த பக்கத்துக்குத் தலையைத் திருப்பாமல், நேராகத் தெருவைப் பார்த்தபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வழவழப்புக்காகப் பட்டி பூசிய சுவர் காயவில்லை. அவர் சன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டிவிட்டு, சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மாடியில் என் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். அவர் வரும் சத்தம் கேட்டால் மட்டும் கையை விட்டுவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவர் நீட்டும் தட்டைச் சரியாக வாங்குவாள். காதை வைத்தே சமாளித்தாள் என்று எனக்குத் தெரியும். நாளெல்லாம் வேலை செய்து அலுத்து வருகிறவருக்கு எதுவும் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவளே கேட்டாள். நான் கீழே இருந்தேன், மாடியில் பேசுவது அப்படியே கேட்டது.

"என்னங்க, ஒரே ஒரு தடவை காட்டுங்களேன். எப்படி இருந்தாலும் பரவால்ல."

"எதைக் காட்றது? தரை எல்லாம் சாக்கு விரிச்சுக் கிடக்கு. உனக்கென்ன அவசரம்? வீடு எங்க ஓடிப்போகுது?"

"சாக்கை ஓரமா தள்ளிட்டு ஒரு நடை நடந்துட்டு வந்துர்றேன்."

"இத்தனை பேருக்குக் கட்டினேன், ஒருத்தருக்கும் அரைகுறையா காட்டினதில்ல. உனக்கா காட்டுவேன்? முழுசா பாரு. அந்த முகத்தை நான் பாக்கணும்."

 மறுநாள் நான் பொறுக்கமாட்டாமல் வேலை நடக்கும் வீட்டுக்கே போனேன். வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

"நான் உள்ள வரலை. உங்க பெண்டாட்டியை உள்ள விடுங்க, அது போதும். அவ கண்ணு உங்க தரைக்காகக் காத்துட்டு நிக்காது மேஸ்திரி."

அவர் முகம் மாறியது. "ஏன்க்கா, ஏதாவது சொன்னாளா? வருஷக்கணக்கில ஆகும்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"அவகிட்டயே கேளுங்க."

அன்று ராத்திரி கேட்டிருக்கிறார். நன்றாகத்தான் தெரிகிறது, அக்கா சும்மா பயப்படுகிறாள் என்று இவள் சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று சண்டை போட்டேன். "இன்னும் ஒரு வாரம்னு சொல்றாருக்கா. அந்த ஒரு வாரம் எனக்கு இருக்கு. ஆசையா செய்றாரு, செய்யட்டும்" என்றாள். அவரும் ஒரு வாரத்தில் முடித்திருப்பார். தரையைக் கழுவப் போன அன்றுதான் நடுக்கூடத்தில் ஒரு டைல்ஸ் ஒரு நூல் மேடாக இருப்பது அவர் காலுக்குத் தட்டியது. "அவ விரல் இடிச்சுரும்" என்றாராம். அதை எடுத்தால் பக்கத்தில் இருப்பது ஆடியது. அதை எடுத்தால் அடுத்தது. கடைசியில் பாதித் தரையைப் பெயர்த்துவிட்டு மறுபடி போட்டார்.

தரை காய்ந்துகொண்டிருந்த ஒரு காலை. நான் மாடிக்குப் போனபோது வெயில் அறை முழுக்க விழுந்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கரண்ட் இல்லையா? லைட்டைப் போடுங்களேன்" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், வெட்கமில்லாமல், பெரியவள் என்கிற நினைப்புகூட இல்லாமல். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "அவரு முகத்தை நேத்துப் பாத்தேன்க்கா. கன்னத்துல சிமெண்டு ஒட்டியிருந்துச்சு. துடைச்சுவிடலாம்னு நினைச்சேன், துடைக்கலை."

அப்போது கீழே மேஸ்திரியின் குரல் கேட்டது. அப்படி ஒரு உற்சாகத்தை அந்தக் குரலில் நான் கேட்டதே இல்லை. "வா, வா! கழுவியாச்சு! செருப்பு போடாத, வெறுங்காலோட வா!"

அவள் என் காதில், "ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். படி இறங்கினாள். கீழே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரத் தலையை வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தார். கட்டர் வாசலில் நின்றிருந்தார். நான் பின்னால் போனேன்.

உள்ளே கண்ணைப் பறிக்கிற வீடு. பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. சாம்பல் நிறத் தரையில் ஒரு கோடு வாசலில் தொடங்கிப் பின்கதவில் போய் முடிந்தது. எங்கும் வெளிச்சம். அவர் அவள் கையை விட்டுவிட்டு, ஓடிப்போய் எதிரில் நின்றுகொண்டார், அவள் முகத்தைப் பார்ப்பதற்கு.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அழகா இருக்குங்க" என்றாள். கட்டருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் இரண்டடி வைத்தாள். வலது காலால் தரையை லேசாகத் தட்டினாள், சத்தமே வரவில்லை. கையைப் பக்கத்தில் நீட்டினாள். சுவர் இருந்த இடத்தில் காற்றுத்தான் இருந்தது. இன்னும் நீட்டினாள். கை தண்ணீரில் துழாவுகிற மாதிரி துழாவியது. இன்னும் சில அடி நடந்து, சட்டென்று நின்று, காலை மெல்ல முன்னால் வைத்து இறக்கினாள். இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. கால் சமதரையில் மோதி, உடம்பு குலுங்கி, நடுக்கூடத்தில் எதையும் பிடிக்கக் கிடைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கங்க இருக்கேன்?" என்று கேட்டாள். தன் வீட்டில், தன் சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

மேஸ்திரி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் பார்த்துச் சிரித்தது அவரை அல்ல, அவருக்கு இடதுபுறம் இருந்த வெறுஞ்சுவரை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"எப்போலேர்ந்து?" என்றார். 

"இன்னிக்குக் காலையிலதாங்க முழுசா..." என்று ஆரம்பித்தவள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண்ணைக் கட்டியது, டொக்கென்ற தரை, விரிசல், சிராய், ஈரச்சுவர், வெந்நீர். யாரையும் குறை சொல்லாமல் சொன்னாள். அதுதான் கேட்க முடியவில்லை.

அவர் மூலைக்குப் போய் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தார். படி இருந்த இடத்தில் மண்டிபோட்டு உளியை டைல்ஸின் மேல் வைத்தார்.

"மேஸ்திரி!" என்று கட்டர் கையைப் பிடிக்கப் போனார்.

"விடு. பள்ளம் பண்ணி வைக்கிறேன். சுவரை எழுப்பி வைக்கிறேன். எல்லாத்தையும் இருந்த மாதிரியே வைக்கிறேன்."

உளி தரையைத் தொட்ட சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. தவழ்ந்தே வந்து அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். "வேணாங்க. இருந்த மாதிரி உங்களால வைக்க முடியாது. உங்களுக்குக் கோணலா கட்டத் தெரியாது."

அவர் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.  நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

அன்று என் கடையில் மிஷின் ஓடவில்லை. பொழுது சாயும்போது இரண்டு பேருக்கும் ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டு வாசலிலேயே நின்றேன். இரண்டு பேரும் பின்கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குங்கிறாங்க. நீங்க சொல்லுங்க. வீடு எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

அவர் உள்ளங்கையால் தரையைத் தடவினார். பிறகு, "பழைய வீடுதான் நல்லா இருந்துச்சு" என்றார்.

ஊரான் கட்டிய வீட்டில் ஒரு நூல் குறை கண்டுபிடிக்கிற மனுஷன், தான் கட்டியதிலேயே நல்ல வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னார். 

"எந்திரிங்க" என்றாள். "துண்டைக் கொடுங்க."

அவர் தோளிலிருந்த துண்டைத் தடவி எடுத்து, அவர் கண்ணைச் சுற்றி அவளே கட்டினாள். தெருச் சத்தத்தை வைத்தே அவரை வாசல்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அங்கிருந்து திரும்பி, அவர் கையைப் பிடித்தபடி, இல்லாத வீட்டுக்குள் மெல்ல நடந்தாள்.

"டொக்குன்னு கேட்டுச்சா? இது சன்னல். கையை இப்படி வைங்க. விரிசல் மாட்டுதா?"

"ம்."

"இந்தச் சிராய்தான் உங்க நீலச் சட்டையைக் கிழிச்சுது. நான் தைச்சுக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சில்லுன்னு இருக்கா? பாத்ரூம் வந்துருச்சு. இப்ப மெதுவா. இங்க படி. பாத்து இறங்குங்க."

அவர் நின்றார். தோள்கள் குலுங்கின. பிறகு, தானே பார்த்துப் பார்த்து மட்டம் பிடித்த அந்தத் தரையில், வலது காலைத் தூக்கி, பள்ளத்தில் வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தார்.

"இறங்கிட்டேன்" என்றார்.